‘டேக்’ புத்தகமும் எட்டு எழுத்துகளும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிஷம். அச்சகத்துச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு அப்போதுதான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. எழுத்துக் கோக்கும் கம்போஸிட்டர் காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“சார், உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகை ரெடி. அடிச்சுடலாமா?”

அந்தப் பத்திரிகை புதன்கிழமையே அச்சாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் நூற்றைம்பது தபாலில் போய்விட்டன. மாலையில் நானும் என் மனைவி சிவகாமியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வைத்துத் தியாகராய நகரில் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். மாப்பிள்ளை தம் ஆபீஸில் கொடுப்பதற்கென்று தனியாக ஐம்பது.

“முந்தாநாளே அடிச்சாச்சே பாய்” என்றேன்.

பாய் அப்படியே நின்றுவிட்டார். “இன்னா சார் சொல்றீங்க? நேத்து சாயங்காலம்தானே நான் இங்கிலீஷ் பக்கத்துல கே எழுத்தெல்லாம் வச்சேன்?”

மேஜை டிராயரில் மிச்சமிருந்த ஒரு பத்திரிகையை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷ் பக்கத்தை அச்சான பிறகு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இருபத்தோரு வருஷம் புரூப் ரீடராக இருந்தவன், சொந்த மகளின் கல்யாணப் பத்திரிகையின் ஒரு பக்கத்தைப் பார்க்காமலே ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தேன்.

அச்சுத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐயரின் புத்தகம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அச்சகம். ஒரு சிலிண்டர் மெஷின், காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு டிரெடில், ஆறு கம்போஸிட்டர்கள். புரூப் பார்ப்பதும் மேனேஜர் வேலையும் என்னுடையது. பள்ளிக்கூடப் புத்தகங்கள், சங்கீத சபா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் வரும்.

இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சாம்பமூர்த்தி ஐயர் அடையாற்றில் மகள் வீட்டில் இருந்தார். அவர் ஒரு நாள் துணிப்பையில் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைப் பற்றி அறுபத்துநாலு பக்கம். ‘டேக்’ என்கிற சொல்.

“ஒரு சொல்லுக்கு ஒரு புஸ்தகமா சாமி?” என்றேன்.

“ஓய் முதலியாரே, அதை லேசா நெனைக்காதேயும். நம்ம ‘எடு’ங்கறதைப் பாரும். பசி எடுக்கறது, பாம்பு படம் எடுக்கறது, கொழந்தையைத் தத்து எடுக்கறா, கார்த்தால ஜுரம்னு லீவு எடுக்கறான். வெள்ளைக்காரனுக்கும் அப்படி ஒண்ணு வேண்டாமா? நம்ம பசங்க அதை வெச்சுண்டு படுத்தற பாடு இருக்கே! ஆத்துல டேக் டிபன்கறான், டேக் பாத்துங்கறான். மருந்தைத்தான்யா டேக் பண்ணணும். டிபனைச் சாப்பிடணும்.”

அந்தப் புத்தகம் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. இங்கே கொண்டுவருவது ‘பிரிங்’, இங்கிருந்து கொண்டுபோவது ‘டேக்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார். கையில் எடுப்பது, கூட அழைத்துப்போவது, டிராம் பிடிப்பது எல்லாம் அதே சொல்தான். லஸ்ஸிலிருந்து பாரிமுனைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கும் அதுதான். கூட ‘ஆஃப்டர்’ சேர்த்தால் பிள்ளை அப்பனை உரித்து வைத்தாற்போல் இருப்பது. ‘ஆஃப்’ சேர்த்தால் செருப்பைக் கழற்றுவது, ஆகாய விமானம் மேலே கிளம்புவது. ‘இல்’ சேர்த்தால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் தப்பாக எடுத்துக்கொள்வது. பக்கத்துக்குப் பதினைந்து இருபது வாக்கியங்கள். எல்லாம் நம் ஊர் வாக்கியங்கள். கபாலி கோயில் தெப்பமும், கடற்கரைச் சுண்டலும், ரேஷன் கடை வரிசையும் இங்கிலீஷில் வரும்.

காப்பி ஹோல்டராக இருந்த பையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். காப்பி ஹோல்டர் என்பவர் மூலப்பிரதியைக் கேபிடல் எழுத்து, கமா, ஃபுல் ஸ்டாப் உட்பட உரக்கப் படிக்க வேண்டும். புரூப் ரீடர் கேட்டுக்கொண்டே புரூப்பைச் சரிபார்ப்பார். அந்த வேலையை வீட்டில் என் மகள் விசாலாட்சி செய்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். சாயங்காலங்களில் கூடத்தில் உட்கார்ந்து, “கேப் ஹெச், ஹி டுக் ஹிஸ் அம்ப்ரல்லா, ஃபுல் ஸ்டாப்” என்று அவள் ராகம் போட்டுப் படிப்பாள். அடுக்களையிலிருந்து சிவகாமி, “குடையை எடுத்தானாமா? மழையே இல்லையே” என்பாள்.

கே அறை

கம்போஸிட்டரின் எழுத்துப் பெட்டியான கேஸில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அறை உண்டு. இங்கிலீஷில் ‘ஈ’ அதிகம் வரும், அதற்குப் பெரிய அறை. ‘கே’ அபூர்வம், அதற்குத் தீப்பெட்டியளவு அறை. ஃபவுண்டரிக்காரர்களும் அந்தக் கணக்கில்தான் எழுத்து வார்த்துக் கொடுப்பார்கள். டேக், டுக், டேக்கன், டேக்கிங் என்று வரிக்கு வரி ‘கே’ வருகிற புத்தகத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எட்டு பக்கம் கம்போஸ் செய்து, ஒரே சட்டத்தில் இறுக்கி, அந்தப் பாரத்தை அச்சடித்து, எழுத்தைப் பிரித்து அறையில் போட்டால்தான் அடுத்த எட்டு பக்கத்துக்கு ‘கே’ கிடைக்கும். ஃபவுண்டரியில் கேட்டால், ஈயமெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது என்று கையை விரித்தார்கள்.

காதர் பாய் திருவல்லிக்கேணிக்காரர். அவருடைய வாப்பாவும் கம்போஸிட்டர்தான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு புலம்புவார். “சார், ஐயரு வேற வார்த்தையே படிக்கலியா? ‘கோ’ன்னு ஒண்ணு கீது, ‘கம்’னு ஒண்ணு கீது. பொறுக்கி எடுத்தா மாதிரி இதப் புட்சாரே!”

கடைசிப் பாரத்தில் எட்டு எழுத்து குறைந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை.

“எட்டே எட்டு கே சார். இருந்தா இன்னிக்கே பாரத்தை மூடிடலாம். ஐயரு மூணு தபா ஆள் வுட்டுட்டாரு.”

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. அச்சுக்குக் காத்திருக்கும் வேறு வேலையிலிருந்து எழுத்தைக் கடன் வாங்கலாம். உருவிய இடத்தைக் காலியாக விட்டால் வரி நெகிழ்ந்து எழுத்தெல்லாம் சரிந்துவிடும். அதனால் அதே அகலமுள்ள வேறொரு எழுத்தைத் தலைகீழாக, கால் மேலே வரும்படி அங்கே செருகி வைப்போம். உரிய எழுத்து வந்ததும் எடுத்துவிடுவோம். மறந்துபோய் அச்சடித்தால் எழுத்து விழாது. எழுத்தின் இரண்டு கால்களும் பதிந்து, சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகளாக விழும்.

அன்று அச்சுக்குக் காத்திருந்த இங்கிலீஷ் வேலை ஒன்றே ஒன்று. விசாலாட்சியின் பத்திரிகை. புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பத்திரிகை அடிக்கிற கார்டு கிடைக்காமல் பத்து நாளாக மூலையில் கிடந்தது.

“அதிலேருந்து எடுத்துக்கோங்க பாய், நம்ம வீட்டு வேலைதானே” என்றேன்.

பாய் தயங்கினார். “கல்யாணச் சமாசாரம் சார்.”

“ரெண்டு நாள்ல திருப்பி வச்சுடலாம். எடுங்க.”

எடுத்தார். ‘கைண்ட்லி’ என்பதில் ஒன்று, ‘கின்ஸ்ஃபோக்’ என்பதில் இரண்டு, எட்டு மணி என்று சொல்லும் ‘ஓ கிளாக்’கில் ஒன்று, ஏகாம்பரம் என்ற என் பெயரில் ஒன்று, விசாலாட்சியில் ஒன்று, மாப்பிள்ளை சொக்கநாதன் பெயரின் நடுவில் இரண்டு.

மறுநாள் புதன்கிழமை நான் ஐயரிடம் கடைசிப் புரூப்பைக் காட்ட அடையாறு போயிருந்தேன். கடன் வாங்கியதைச் சீக்கிரம் திருப்ப வேண்டுமே என்று காதர் பாய் திருவல்லிக்கேணியில் தெரிந்த அச்சகங்களில் ‘கே’ கேட்டு அலைந்துகொண்டிருந்தார்; எட்டும் வியாழக்கிழமை சாயங்காலம்தான் கிடைத்தன. அவர் இல்லாத புதன்கிழமை பார்த்துக் கார்டு வந்து இறங்கியிருக்கிறது. டிரெடில் ஓட்டுகிற மெஷின்மேன் நாராயணசாமி, “நம்ம சார் பொண்ணு கல்யாணம், நைனா! அவரு வர்றதுக்குள்ள அடிச்சு வைப்போம்” என்று மற்ற வேலையை நிறுத்தி, பார்டருக்கு நல்ல சிவப்பு மசியாகத் தேடிப் போட்டு, ஒரு மூச்சில் இரண்டு பக்கமும் அடித்து, பாரத்தைத் துடைத்துப் பழைய மூலையிலேயே வைத்து, பத்திரிகைகளைக் கட்டி வைத்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கறுப்புக் கட்டைகளை ஏதோ புதுத் தினுசு பூ என்று நினைத்தாராம்.

அன்று ராத்திரி வீட்டில் பத்திரிகைக் கட்டைப் பிரித்து நானும் சிவகாமியும் விசாலாட்சியும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினோம். அந்தச் சந்தோஷத்தில் எட்டு எழுத்து எனக்கு நினைவுக்கே வரவில்லை. தமிழ்ப் பக்கத்தில்தான் மஞ்சள் தடவுவது. அதனால் எல்லாம் தமிழ்ப் பக்கம் மேலேதான் இருந்தது. யார் மேலும் குற்றமில்லை. எல்லாரும் ஆசையாகத்தான் வேலை செய்தார்கள். ‘நம்ம வீட்டு வேலைதானே’ என்று சொன்னவன் நான்.

பனகல் பூங்கா பக்கத்து வீடு

வெள்ளிக்கிழமை பத்தரைக்கெல்லாம் ஜட்கா வண்டி பிடித்துச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கூடத்தில் மேஜைமேல் ஐம்பது பத்திரிகைகளும் இங்கிலீஷ் பக்கம் மேலாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

சம்பந்தி ஆறுமுக முதலியார் கோபப்படுகிறவர் அல்ல. அன்றும் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“உட்காருங்க சம்பந்தி. காலையிலே சொக்கன் ஆபீஸுக்கு எடுத்துக்கிட்டுப் போகலாம்னு திருப்பினான். எம்பிள்ளை பேரு நடுவிலே ரெண்டு கரி. உங்க பொண்ணு பேருல ஒண்ணு. முகூர்த்த நேரத்துல ஒண்ணு. இது என்ன?”

சொன்னேன். கே அறை, ஐயர் புத்தகம், ஃபவுண்டரி எல்லாம் சொன்னேன். அச்சகத்தில் ஒரு நிமிஷத்தில் புரிகிற விஷயம் அந்தக் கூடத்தில் எனக்கே அபத்தமாகக் கேட்டது.

“அப்ப, கல்யாணப் பத்திரிகையிலேருந்து உருவி யாரோ ஒருத்தர் புஸ்தகத்துக்குக் குடுத்தீங்க.”

“ஆமாம்.”

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஊர்ப்பட்ட பேரு பத்திரிகையெல்லாம் சரியா அடிக்கிறவருக்குப் பெத்த பொண்ணு பத்திரிகை மட்டும் கண்ணு தெரியலையாமா? கேளு ஆறுமுகம்!”

அது முதலியாரின் அக்கா தனகோடி அம்மாள். பதினெட்டு வயதில் கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். சொக்கநாதனுக்கு நாலு வயதாகும்போது அவன் தாயார் காலமாகிவிட்டார். அதிலிருந்து அவனை வளர்த்தது இந்த அத்தைதான். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் வரவில்லை. நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்க மாட்டார்.

முதலியார் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு ஒண்ணும் இல்லை. பையனுக்கும் இல்லை. சிரிச்சான். ஆனா அக்கா பச்சத் தண்ணி குடிக்கல. கரி விழுந்த பத்திரிகையிலே எம்புள்ளைக்குக் கல்யாணமான்னு கேக்குறாங்க. அவங்க சரின்னாத்தான் இந்த வீட்டுல எதுவும். திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சேதி சொல்லி அனுப்பறேன்.”

“வேற பத்திரிகை அடிச்சுத் தர்றேன்.”

“கார்டு இருக்கா?”

இல்லை. பட்டணம் முழுக்கத் தேடினாலும் அடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குள் கிடைக்காது. அவருக்கும் அது தெரியும்.

மூன்று நாள்

சிவகாமியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. “எட்டு எழுத்துக்காகவா?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் முறுக்குக்கு அரைத்து வைத்திருந்த மாவை மூடி வைத்தாள். மூடலாமா, சுடலாமா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசாலாட்சி தானாகவே பிரதியை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஐயர் புதன்கிழமை திருத்திக் கொடுத்த கடைசி இரண்டு பக்கத்தை மறுபடி பார்ப்பது பாக்கி இருந்தது.

“வேண்டாம்மா” என்றேன்.

“முடிச்சுடலாம்ப்பா. அவர் காத்துக்கிட்டிருப்பார்.”

படித்தாள். வழக்கம்போல் கமா, ஃபுல் ஸ்டாப் எல்லாம் சொல்லிப் படித்தாள். ஒரு வாக்கியம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதல் ரயிலைப் பிடித்துப் புறப்பட்டுப் போனார்கள் என்று ஐயர் எழுதியிருந்தார், ‘டுக்’ போட்டு. அவள் நிறுத்தாமல் படித்துவிட்டாள். என் பென்சில்தான் நின்றுவிட்டது.

“ஃபுல் ஸ்டாப் போட்டிருக்காப்பா?” என்றாள்.

“இருக்கு.”

“அப்ப அடுத்த வரி.”

அன்று நான் கற்றதைப் பிள்ளைகளுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்சான தாளை இரண்டு பக்கமும் பாருங்கள். புரூப் பார்த்தது அச்சுக்குச் சாட்சி ஆகாது. எழுத்து உருவிய பாரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுங்கள். எங்கள் அச்சகத்தில் இன்றும் கட்டுகிறோம். நூலோடு இருக்கிற பாரத்தை மெஷினில் ஏற்றக் கூடாது, முதலாளி வீட்டு வேலையாக இருந்தாலும். உங்கள் வீட்டு வேலை வந்தால் அதை வேறு யாரையாவது இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நம் வீட்டு வேலை என்றால் கண் அதைப் பார்ப்பதில்லை, தெரிந்ததுதானே என்று தாண்டிப் போய்விடுகிறது.

திங்கட்கிழமை

காதர் பாய் அந்த மூன்று நாளும் வெற்றிலை போடவில்லை. திங்கட்கிழமை மூன்று மணிக்கு வந்து, “நானே போய் அந்த அம்மா கால்ல வுழுறேன் சார். நான்தானே கைவச்சேன்” என்றார். வேண்டாம் பாய், சேதி வரட்டும் என்றேன். சேதி வந்தால் ஆள் மூலம் என் வீட்டுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

நாலு மணிக்கு அச்சக வாசலில் ஒரு ரிக்‌ஷா நின்றது. வெள்ளைப் புடவையில் ஓர் அம்மாள் இறங்கினார். கையில் பத்திரிகை. நான் முகம் பார்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் குரலைத் தெரிந்துகொண்டேன்.

“ஏகாம்பர முதலியார் நீங்கதானே? கல்யாணப் பொண்ணு வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். அதான் இங்க வந்தேன். உட்காரச் சொல்லாதீங்க. கரி எப்படி விழுந்துச்சுன்னு எங்கண்ணால பார்க்கணும். எந்த ஆளு பண்ணது?”

காதர் பாய் முன்னால் வந்தார். “நான்தாம்மா.”

“காட்டு.”

பாய் எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். சொக்கநாதன் என்று இங்கிலீஷில் எழுத்தெழுத்தாகக் கோத்தார். நடுவில் வந்ததும் இரண்டு எழுத்தைத் திருப்பித் தலைகீழாகச் செருகினார். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் எது தலைகீழ் என்று தெரிந்தது. விரலால் தொட்டார்.

“ஏன் இப்படி வைக்கணும்? சும்மா விட்டா என்ன?”

“எடத்தைக் காலியா வுட்டா பேரு முழுக்கச் சாஞ்சிடும்மா. அதுக்கோசரம் வேற ஒண்ண நிக்க வைப்போம். சொந்த எழுத்து வர்ற வரிக்கும் அது எடம் புடிச்சுக்கினு நிக்கும். அதுக்கு மூஞ்சி கீழ இருக்கும், கால் மேல இருக்கும். அவ்ளோதான். வராதுன்னு நெனச்சா வைக்க மாட்டோம்மா. வரும்னுதான் வைக்கிறது.”

“வந்தப்புறம் இதை என்ன பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுடுவீங்களா?”

“அரே, எதுக்கும்மா போடணும்? அதுவும் நல்ல எழுத்துதான். அதுக்குன்னு ஒரு அறை கீது. அங்க போய் இருக்கும்.”

பாய் தலைகீழ் எழுத்து இரண்டையும் எடுத்துவிட்டு, பத்திரிகைப் பாரத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் பொட்டலம் கட்டி வைத்திருந்த ‘கே’ இரண்டை அங்கே வைத்தார். எடுத்த எழுத்துகளைக் கேஸில் அவற்றின் அறையில் போட்டார். டிக், டிக் என்று சத்தம் கேட்டது. டிரெடிலை நாராயணசாமி நிறுத்தியிருந்தார்.

அந்த அம்மாள் எட்டி, எழுத்து விழுந்த அறையைப் பார்த்தார். பிறகு பத்திரிகையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“முதலியாரே, வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு. போய் ஆக வேண்டியதைப் பாருங்க. பொண்ணை அனுப்பி வையுங்க. சொக்கனோட அம்மா போனதிலேருந்து நான் அந்த எடத்துல நிக்கிறேன். எனக்கும் கால் வலிக்குது.”